அடுப்படிச் சுவரில் எண்கோண மோக்கா

இத்தாலியர்கள் அடுப்பில் வைத்துக் காப்பி வடிக்கும் மோக்கா என்ற சிறு கலத்தின் படத்தை இன்று பல நாடுகளின் சமையலறைச் சுவர்களில் பார்க்க முடிகிறது. எட்டுப் பட்டை கொண்ட அலுமினிய உடல், நடுவில் ஒடுங்கிய இடுப்பு, கறுப்புக் கைப்பிடி, கூரிய மூக்கு, மூடியின் மேல் ஒரு குமிழ் என்று நாலைந்து கோடுகளிலேயே அடையாளம் காட்டிவிடும் உருவம் அது. இந்தச் சுவர்ப்படங்களை நான் நீண்ட காலமாக விரும்பிப் பார்த்தும், இயன்றபோது வாங்கிச் சேர்த்தும் வருகிறேன். பொருள் முதலில் வருகிறது, அதைப் போற்றும் படம் பிறகு வருகிறது என்பதே நாம் பொதுவாக எண்ணும் வரிசை. மோக்காவின் வரலாற்றைப் படித்தால், படம்தான் அந்தப் பாத்திரத்தைக் கைபிடித்து வீடுகளுக்குள் அழைத்து வந்தது என்பது தெளிவாகும். ஆகவே எந்தப் படம் அதற்குப் பொருத்தமானது, எது பொருந்தாதது என்பதில் எனக்குச் சற்று அழுத்தமான கருத்துகள் உண்டு. அவற்றை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

வட இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில், ஓர்த்தா ஏரியின் வடமுனையில் ஒமேன்யா என்ற சிறு நகரம் இருக்கிறது. அதன் பகுதியான க்ருசினாலோவில் அல்ஃபோன்சோ பியலெட்டி என்பவர் உலோகப் பட்டறை ஒன்றை நடத்திவந்தார். அவர் அதற்கு முன் பிரான்சில் அலுமினியத் தொழிலில் சில ஆண்டுகள் வேலை செய்து, உருக்கிய அலுமினியத்தை அச்சில் வார்க்கும் முறையைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியவர். அந்தக் காலத்துப் பெண்கள் துணி வெளுக்கப் பயன்படுத்திய கொப்பரையில், கொதிக்கும் சவுக்கார நீர் நடுக்குழாய் வழியாக மேலேறித் துணிகளின் மேல் கொட்டுவதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்தக் கலத்தின் எண்ணம் தோன்றியது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1933-ஆம் ஆண்டு மோக்கா எக்ஸ்பிரஸ் பிறந்தது. வடிவமைப்பில் லூயிஜி தெ பொந்தி என்பவரின் பெயரும் சேர்த்தே சொல்லப்படுகிறது.

அதன் உருவத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும், ஏனெனில் சுவர்ப்படங்களின் வெற்றி முழுவதும் அந்த உருவத்தில்தான் அடங்கியிருக்கிறது. 1920-களிலும் 30-களிலும் ஐரோப்பாவெங்கும் கட்டடங்களிலும் வெள்ளிச் சாமான்களிலும் பரவியிருந்த, பட்டையும் கோணமுமான ஆர்ட் டெகோ பாணியின் சாயல் அதில் தெரிகிறது. கீழ்ப்பாதி கீழ்நோக்கி அகல்கிறது. மேல்பாதி மேல்நோக்கி அகல்கிறது. இரண்டும் திருகிச் சேரும் இடம் இடுப்பாக ஒடுங்குகிறது. பட்டைகள் இருப்பதால் பிடித்துத் திருகக் கை வழுக்குவதில்லை. ஓவியனுக்கோ அந்தப் பட்டைகள் வேறொரு கொடையைத் தருகின்றன. உருண்டையான பாத்திரத்தில் ஒளி படிப்படியாக மங்கும். பட்டை போட்ட பாத்திரத்தில் ஒவ்வொரு முகமும் தனித்தனி நிறத் துண்டாக நின்றுவிடும். நேராகப் பார்த்தால் மூன்று முகங்கள் தெரியும். ஒன்று வெளிச்சம், ஒன்று நடுத்தரம், ஒன்று நிழல். மூன்று மைகளை வைத்துக்கொண்டு அச்சிடும் சுவரொட்டிக் கலைக்கு இதைவிட இணக்கமான பாத்திரம் வேறில்லை என்றே நான் கருதுகிறேன்.

இவ்வளவு அழகாக இருந்தும் முதல் சில ஆண்டுகளில் மோக்கா பெரிதாகப் பரவவில்லை. அல்ஃபோன்சோ கைத்தொழிலாளர், பட்டறையில் செய்ததைச் சுற்றுவட்டாரச் சந்தைகளில் கொண்டுபோய் விற்றார். 1934 முதல் 1940 வரை விற்றவை சுமார் 70,000 என்று கணக்கிடப்படுகிறது. பிறகு போர் வந்தது, காப்பிக்கொட்டைக்கும் அலுமினியத்துக்கும் தட்டுப்பாடு வந்தது, உற்பத்தி நின்றது. போரில் சிறைப்பட்டு ஜெர்மானிய முகாமில் இருந்த மகன் ரெனாத்தோ திரும்பி வந்து, 1940-களின் பிற்பகுதியில் பட்டறையின் பொறுப்பை ஏற்றார். அவர் செய்த முதல் பெரிய முடிவு, பட்டறை செய்துவந்த மற்றப் பொருள்களை ஒதுக்கிவிட்டு மோக்கா ஒன்றையே செய்வது. இரண்டாவது, அதை நாடெங்கும் படமாகப் பரப்புவது.

ரெனாத்தோ செய்த விளம்பரத்தின் அளவு அந்தக் காலத்து இத்தாலிக்குப் புதிது. ஆண்டுதோறும் நடக்கும் மிலான் பொருட்காட்சியின்போது நகரத்தின் விளம்பரப் பலகைகளையெல்லாம் மோக்காவின் படத்தால் நிறைத்தார். பொருட்காட்சியில் ஆளுயரத்தையும் மிஞ்சிய மோக்காக்களை நிறுத்தினார். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் பாத்திரம், கட்டடம் அளவுக்கு வளர்ந்து நகரத்தின் நடுவே நின்றது. அடுப்படியில் யார் கண்ணிலும் படாமல் இருக்கும் பண்டம் ஒன்றைத் தெருவின் மொழியில் பேச வைத்தது அவர் செய்த துணிச்சலான செயல். இன்று நாம் வீட்டுச் சுவரில் மாட்டும் மோக்காப் படங்களின் முன்னோர்கள் மிலான் தெருக்களின் அந்தப் பலகைகளே.

1953-இல் அந்தப் படங்களுக்கு ஒரு முகம் கிடைத்தது. மோதேனா நகரைச் சேர்ந்த கேலிச்சித்திரக்காரரும் அசைபட இயக்குநருமான பவுல் கம்பானி வரைந்த மீசைக்காரச் சின்ன மனிதர்தான் அந்த முகம். கறுப்பு உடை, அடர்ந்த மீசை, உயர்த்திய ஒற்றை விரல். காப்பிக்கடையில் ‘எனக்கு ஒன்று’ என்று கேட்கிறவரின் சைகை அது. ரெனாத்தோவின் தோற்றத்தையே மிகைப்படுத்தி வரைந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அவருடைய பழைய புகைப்படங்களைப் பார்த்தவர்களுக்கு அதில் ஐயம் எழாது. அந்த மனிதர் கலத்தின் பக்கவாட்டிலேயே பொறிக்கப்பட்டார். அதாவது படம் பாத்திரத்தை விற்றதோடு நிற்காமல், பாத்திரத்தின் உடலிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் அசல் கலத்தை அடையாளம் காண மக்கள் முதலில் தேடுவது அந்த மீசையைத்தான்.

1957 பிப்ரவரி 3 அன்று இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியில் கரோசெல்லோ என்ற நிகழ்ச்சி தொடங்கியது. ஒவ்வோர் இரவும் சில குறும்படங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் விளம்பரம். ஆனால் படத்தின் பெரும்பகுதி கதையாகவோ பாட்டாகவோ நகைச்சுவையாகவோ இருக்க வேண்டும், பொருளின் பெயர் கடைசிப் பகுதியில்தான் வரலாம் என்பது விதி. குழந்தைகள் அதைப் பார்த்துவிட்டே தூங்கப் போவார்கள் என்னும் அளவுக்கு அது வீட்டு வழக்கமானது. 1977 புத்தாண்டு நாள் வரை ஓடியது. மீசைக்காரர் அதில் அசைபடமாக வந்து, ‘பார்த்தால் சுலபம்போலத் தெரிகிறது’ என்ற பொருளில் அமைந்த தம் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நல்ல காப்பி வடிப்பது சுலபம்போலத் தெரிந்தாலும் அதற்குச் சரியான கலம் வேண்டும் என்பது அதன் உட்கிடை. ஒரு தலைமுறைக் குழந்தைகளின் மனச்சுவரில் இந்தப் படம் அப்படித்தான் மாட்டப்பட்டது. ஆகவே இத்தாலியர் ஒருவர் வீட்டில் மோக்காச் சுவரொட்டியைப் பார்க்கும்போது, அது அவருக்குப் பழைய வணிக விளம்பரமாக மட்டும் இருக்காது. இரவு உணவு முடிந்த நேரத்தின் வெளிச்சமும் அதில் கலந்திருக்கும்.

இந்த இடத்தில் இன்னொரு சுவரொட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. லிவோர்னோவில் 1875-இல் பிறந்து, பெரும்பாலும் பாரிசில் வாழ்ந்த லெயொனெத்தோ காப்பியெல்லோ, 1922-இல் தூரின் நகரத்து விக்டோரியா ஆர்துயினோ நிறுவனத்துக்காக வரைந்த சுவரொட்டி அது. ரயிலிலிருந்து உடலை வெளியே வளைத்து, செங்குத்தாக நிற்கும் பெரிய எஸ்பிரெஸோ இயந்திரத்திலிருந்து ஒருவர் தம் கோப்பையில் காப்பி பிடிக்கிறார். ஒரே உருவம், ஒரே செயல், ஓடிப்போகிறவன் கண்ணிலும் பதியும் வேகம். இன்று காப்பிக்கடைகளிலும் வீடுகளிலும் ‘இத்தாலியக் காப்பி’ என்று மாட்டப்படும் படங்களில் இதன் நகல் மிகப் பரவலானது. கலையாக அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் வீட்டு அடுப்படியில் அதை மாட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. அது கடையின் படம், அவசரத்தின் படம், நீராவி இயந்திரமும் ரயிலும் ஒன்றையொன்று மெச்சிக்கொள்ளும் படம். மோக்கா அதற்கு நேர் எதிரான ஆசையிலிருந்து பிறந்தது. கடையில் ஆண்கள் நின்றுகொண்டு குடித்த கெட்டிக் காப்பியை, வீட்டிலிருப்பவர்கள் எல்லோரும் உட்கார்ந்து குடிக்கலாம் என்பதே அது தந்த வாக்குறுதி. பியலெட்டியின் விளம்பரங்களும் ‘கடையில் கிடைக்கும் எஸ்பிரெஸோ வீட்டிலேயே’ என்ற கருத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லின. இரண்டு படங்களும் ஒரே நாட்டின் ஒரே பானத்தைப் பற்றியவை என்றாலும், அவை நிற்கும் அறைகள் வேறு.

சரி, மோக்காவின் படம் என்று முடிவு செய்தால் அதில் எதைப் பார்த்து வாங்குவது? என் விருப்பம் எப்போதும் வேலை செய்யும் மோக்காவின் படம். இந்தக் கலத்தின் அழகு அதன் இயக்கத்தோடு ஒட்டியிருக்கிறது. கீழறையில், பக்கவாட்டு வால்வுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி நீர் ஊற்றுகிறோம். அதற்குள் புனல் வடிவான வடிகட்டியை இறக்கி, காப்பித்தூளை அழுத்தாமல் நிரப்பி மட்டப்படுத்துகிறோம். மேலறையைத் திருகி இறுக்கிச் சிறு தீயில் வைத்தால், கீழறையில் அடைபட்ட காற்றும் நீராவியும் விரிந்து நீரின் மேற்பரப்பை அழுத்துகின்றன; நீருக்கு வேறு வழியில்லாததால் புனலின் தண்டு வழியாக மேலேறி, தூளை ஊடுருவி, நடுக்குழாயின் உச்சியில் பொங்கி மேலறையில் விழுகிறது. அந்த அழுத்தம் வளிமண்டல அளவைவிட ஒன்று அல்லது ஒன்றரை பார் (அழுத்தத்தின் அலகு) மட்டுமே மிகுதி. கடை இயந்திரத்தில் அது ஒன்பது பார். அதனால் மோக்காவில் கிடைப்பது எஸ்பிரெஸோ அன்று. வடிகாப்பிக்கும் எஸ்பிரெஸோவுக்கும் இடையில் தனக்கென்று தடிப்பும் மணமும் உள்ள மூன்றாவது பானம். நீர்மட்டம் புனலின் நுனிக்குக் கீழே இறங்கியதும் நீராவி தண்டில் நுழைந்து குரலெழுப்பும். அந்தக் கொப்புளிப்பு பலமாகும் முன் தீயை அணைக்கிறவருக்குக் கசப்பில்லாத காப்பி கிடைக்கும்.

இவையனைத்தையும் ஒரே பார்வையில் காட்டக்கூடிய படம், கலத்தை நெடுக்காக வெட்டிக் காட்டும் நெடுக்குவெட்டுப் படமே. நீலமோ சாம்பலோ நீருக்கு, பழுப்பு தூளுக்கு, கரும்பழுப்பு காப்பிக்கு என்று மூன்று நிறங்களில் அமைந்த அத்தகைய படங்கள் இப்போது நிறையக் கிடைக்கின்றன. பாகங்களைப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக மிதக்கவிட்ட படங்களும் உண்டு: மூடி, மேலறை, ரப்பர் வளையம், சல்லடைத் தட்டு, புனல், கீழறை. இவற்றை நான் மிகவும் விரும்புகிறேன். காப்பி வடிக்கத் தெரியாத விருந்தினர் ஒருவர் சுவரைப் பார்த்தே கலத்தைச் சரியாகக் கூட்டிவிட முடியும் என்றால், அந்தப் படம் அடுப்படியில் தன் இடத்தைச் சம்பாதித்துக்கொண்டது என்று பொருள்.

ஆனால் சந்தையில் இருக்கும் படங்களில் பல, கலத்தை ஒருமுறையும் கையில் எடுக்காதவர்கள் வரைந்தவை என்பது பார்த்ததும் தெரிகிறது. கீழறையில் பாதுகாப்பு வால்வே இருக்காது. அது இல்லாத மோக்காவில், தூள் அடைத்துக்கொண்டால் அழுத்தம் வெளியேற வழியிருக்காது. அந்தச் சிறிய பித்தளைக் குமிழ்தான் வீட்டில் இருப்பவர்களைக் காக்கிறது. சிலவற்றில் தீ கலத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் நாக்கு நீட்டும். உண்மையில் அப்படி எரித்தால் பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்காலான கைப்பிடி கருகிவிடும். இன்னும் சிலவற்றில் கோப்பையின் மேல் தடித்த பொன்னிற நுரை மிதக்கும். மோக்காவின் குறைந்த அழுத்தத்தில் அது உண்டாவதில்லை. மூடியைத் திறந்து வரைந்தவர்கள் உள்ளே நடுக்குழாயை மறந்துவிடுவதும் உண்டு. அப்படியானால் காப்பி எங்கிருந்து வந்தது? இவற்றைச் சின்னக் குறைகள் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. தாமரையை வரைகிறவன் இதழ் எண்ணிக்கையில் சுதந்திரம் எடுத்துக்கொள்ளலாம்; ஒரு கருவியைப் போற்றி வரைகிறவன் அது இயங்கும் விதத்தை மதித்தாக வேண்டும்.

மோக்காவை ஓவியப் பொருளாக உயர்த்தியவர்களில் ஆல்தோ ரோஸ்ஸியை நான் முதலில் சொல்வேன். மிலானில் பிறந்து, 1990-இல் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் விருது பெற்ற கட்டடக்கலைஞர் அவர். ஒமேன்யாவிலேயே தோன்றிய அலெஸ்ஸி நிறுவனத்துக்காக 1984-இல் லா கோனிகா என்ற கூம்புமுடிக் காப்பிக் கலத்தையும், பிறகு கவிகை மூடியுடைய லா குப்போலாவையும் வடிவமைத்தார். (அந்த நிறுவனத்தை நெடுங்காலம் வழிநடத்திய ஆல்பெர்த்தோ அலெஸ்ஸியின் தாய்வழிப் பாட்டனார் அல்ஃபோன்சோ பியலெட்டிதான், அந்த ஏரிக்கரையில் காப்பிக் கலம் குடும்பச் சொத்தாகவே கைமாறியிருக்கிறது.) ரோஸ்ஸியின் வரைபடங்களில் காப்பிக் கலங்கள் வீடுகளுக்கும் கோபுரங்களுக்கும் பக்கத்தில் அதே உயரத்தில் நிற்கின்றன. மேசையே ஊராகிவிடுகிறது; கூம்புமுடி, மணிக்கூண்டின் உச்சியாகத் தோன்றுகிறது. மிலான் பொருட்காட்சியில் ரெனாத்தோ விளம்பரத்துக்காகச் செய்த அளவுமாற்றத்தை, ரோஸ்ஸி தாளில் சிந்தனையாகச் செய்தார் என்று எனக்குப் படுகிறது.

தெற்கே நேப்பிள்ஸில் கதை வேறு. அங்கே மோக்காவுக்கு முன்பே குக்குமெல்லா என்ற கலம் இருந்தது. கீழ்ப்பாத்திரத்தில் நீர் கொதித்ததும் முழுக் கலத்தையும் தலைகீழாகத் திருப்பி வைப்பார்கள். நீர் தன் எடையால் தூளின் வழியாக மெல்லச் சொட்டி இறங்கும். நம் வீட்டுப் பித்தளை ஃபில்டரும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது என்பதால், தமிழ் வாசகருக்கு அதை விளக்கவே தேவையில்லை. ரிக்கார்தோ தாலிசி என்ற கட்டடக்கலைஞர் 1970-களின் இறுதியிலிருந்து இந்தக் கலத்தை ஆராய்ந்தார். நேப்பிள்ஸின் தகரக் கொல்லர்களோடு சேர்ந்து, மூக்கும் தொப்பியும் கையும் காலும் உள்ள மனித உருவங்களாக அதன் மாதிரிகளை ஏராளமாகச் செய்தார். இந்த ஆய்வுக்காக 1981-இல் இத்தாலியின் மிக உயர்ந்த வடிவமைப்பு விருதான கொம்பாஸோ தோரோ அவருக்குக் கிடைத்தது. குக்குமெல்லாவின் சுவர்ப்படங்கள் அதிகம் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் பல கடைகள் அவற்றை மோக்கா என்றே பெயரிட்டு விற்கின்றன. இரண்டுக்கும் நீர் ஓடும் திசையே நேரெதிர். ஒன்றில் மேலேறுகிறது, ஒன்றில் கீழிறங்குகிறது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால், இத்தாலியின் வடக்கும் தெற்கும் ஒரே சுவரில் அமைந்துவிடும்.

மாட்டும் முறையைப் பற்றியும் சில சொற்கள். அடுப்படிச் சுவர் தாளுக்குப் பகையானது. எண்ணெய்ப் பிசுக்கும் ஆவியும் சேர்ந்தால் எந்தத் தாளும் சில ஆண்டுகளில் மஞ்சளித்து நெளியும். கண்ணாடியிட்ட சட்டகமும், படம் கண்ணாடியில் ஒட்டாதபடி இடைவெளி தரும் அட்டை விளிம்பும் கட்டாயம் வேண்டும். அடுப்புக்கு நேர் மேலே மாட்டாமல், காப்பி கலக்கும் மேடைக்கு மேலோ உணவு மேசைக்கு எதிரிலோ மாட்டுவது நல்லது. நேரடி வெயில் பட்டால் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும். பழைய இத்தாலியச் சுவரொட்டிகளின் வழக்கமான அளவு 70×100 செ.மீ.; சிறிய அடுப்படிகளுக்கு அதில் பாதியான 50×70 போதும். இதைவிடச் சிறிதாக்கினால் நெடுக்குவெட்டின் நுணுக்கங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். பழைய அசல் சுவரொட்டிகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் தெரெவீசோ நகரின் சால்சே தொகுப்பு அருங்காட்சியகத்தைத் தேடிப் போகலாம்; நாந்தோ சால்சே என்ற தனிமனிதர் வாழ்நாள் முழுவதும் சேர்த்து அரசுக்கு விட்டுச்சென்ற சுமார் 25,000 சுவரொட்டிகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. தெருவில் ஒட்டிக் கிழிக்கப்படுவதற்காக அச்சிட்ட தாளை இவ்வளவு பரிவோடு காத்தவரை நினைத்தால் எனக்கு நன்றியுணர்வு மேலிடுகிறது.

இத்தாலிய மோக்காவோடு நமக்குத் தொடர்பில்லை என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் விளையும் காப்பிக்கொட்டையை மிகுதியாக வாங்கும் நாடு பல ஆண்டுகளாக இத்தாலிதான். குடகிலும் வயநாட்டிலும் விளையும் ரொபஸ்டா வகைக் காப்பிக்கொட்டை, இத்தாலியக் கலவைகளுக்குத் தடிப்பும் அழுத்தமும் தருகிறது. ஆகையால் மோக்காப் படத்தில் வடிகட்டிக்குள் பழுப்பாகத் தீட்டப்பட்டிருக்கும் அந்தத் தூளில், மேற்குத் தொடர்ச்சி மலையின் பங்கும் இருக்கக்கூடும். செடியையும் பழத்தையும் பறிக்கும் கைகளையும் மோக்காவோடு சேர்த்து ஒரே தாளில் வரையும் ஓவியர் ஒருவர் இங்கிருந்து எழ வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

ரெனாத்தோ 2016 பிப்ரவரியில் தமது 93-ஆம் வயதில் காலமானபோது, அவருடைய சாம்பலைப் பெரிய மோக்கா வடிவக் கலசத்தில் இட்டு, அந்தக் கலசத்தின் முன்னிலையில் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு செய்தார்கள். மீசைக்காரரின் படம் அந்தக் கலசத்திலும் இருந்தது. அதற்கு முன்பே, 2010-இல், ஒமேன்யாவின் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது; அலுமினிய மோக்காவின் உற்பத்தி ருமேனியாவுக்குப் போனது. ஊருக்குள் பழைய இரும்பாலை ஒன்றின் வளாகத்தில் அமைந்த அருங்காட்சியகத்தில், அந்த வட்டாரம் செய்த வீட்டுப் பாத்திரங்களின் வரலாறு காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. விற்பனைக்கு வரும் சுவர்ப்படங்களிலோ, மோக்காவின் அடியில் அலங்கார எழுத்தில் ரோம் என்றோ நேப்பிள்ஸ் என்றோ வெனிஸ் என்றோ எழுதியிருப்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். அந்த நகரங்களுக்குப் பெருமை சேர்க்க வேறு எத்தனையோ பொருள்கள் இருக்கின்றன. இந்தக் கலத்தை வார்த்த தொழிலாளர்கள் ஏரிக்கரையின் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்தார்கள். இனி மோக்காவை வரைகிறவர்கள் படத்தின் அடியில் ஓர் ஊர்ப்பெயரைப் பொறிப்பதானால், க்ருசினாலோ என்றே பொறிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.